எங்க கிணத்து இஞ்சினும் ருடால்ஃப் டீசலும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் கொஞ்சம் வெளியே கவனிச்சுப் பாருங்க. கரும்பு, மரவள்ளி, நெல், நடுநடுவே கிணறுகள், தூரத்தில் கல்வராயன் மலை. கிணற்றை ஒட்டி ஒரு சின்னக் கொட்டகை இருக்கும். இன்றைக்கு அதற்குள்ளே இருப்பது ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியும் நாலு ஒயரும்தான். ஆனால் சில பழைய கொட்டகைகளின் மூலையில், சாக்கு போர்த்தி, ஒரு ஆயில் இஞ்சின் உட்கார்ந்திருக்கும். ரெண்டு பக்கமும் பெரிய பிளைவீல், நடுவில் செங்குத்தாக ஒரே ஒரு சிலிண்டர். எங்க தாத்தா கொட்டகையிலும் ஒன்று இருக்கு. போன வருஷம் லீவில் வீட்டில் எல்லாரும் சேர்ந்து அதை ஓட வைக்கக் கிளம்பினோம். அந்தக் கதையை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இஞ்சினைக் கழற்றக் கழற்ற, அதைக் கண்டுபிடித்த மனுஷனின் கதைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அதனால் இது அவர் கதை. எங்க இஞ்சின் அப்பப்ப எட்டிப் பார்க்கும், பொறுத்துக்குங்க.

அவர் பெயர் உங்க எல்லாருக்கும் தெரியும். பங்க்கில் லாரிக்காரர் தினமும் அவர் பெயரைச் சொல்லித்தான் டேங்கை நிரப்புகிறார். அது ஒரு ஆளின் பெயர் என்பது எனக்கே காலேஜ் வந்த பிறகுதான் தெரியும்.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மன்காரர்கள், பிழைப்பு பாரிஸில். அப்பா தியோடர் தோல் பொருட்கள் செய்யும் கைத்தொழிலாளி. சின்னப் பட்டறை, சுமாரான வருமானம். செய்து முடித்த சாமானைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளர் வீட்டில் கொண்டு போய்க் கொடுப்பது பையனின் வேலை. நேரம் கிடைத்தால் ஊரில் இருந்த தொழில்நுட்ப மியூசியத்துக்குள் நுழைந்து பழைய நீராவி இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இந்தப் பட்டறையை மட்டும் மனசில் வச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மன்காரர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் இருந்ததை விட்டுவிட்டு லண்டன் போனது. அங்கே எல்லாருக்கும் சோறு போட முடியாத நிலை. 12 வயதுப் பையனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு, உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பி வைத்தார்கள். அந்த உறவினர் ஒரு தொழிற்பள்ளியில் கணக்கு வாத்தியார். பையன் அங்கே ஒட்டிக்கொண்டான். 14 வயதில் இஞ்சினியர் ஆகப் போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் போட்டான். அவர்களுக்கோ அவன் படிப்பை முடித்து சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும். வகுப்பில் முதலாவதாக வந்து, ஸ்காலர்ஷிப் வாங்கி, பெற்றோர் சொல்லை மீறி 1875இல் மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். நம்ம கிளாஸிலேயே இந்தக் கதை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று யோசிச்சுப் பாருங்க.

மியூனிக்கில் அவருக்குத் தெர்மோடைனமிக்ஸ் எடுத்தவர் கார்ல் வான் லிண்டே. குளிர்சாதன இயந்திரங்களில் பெரிய பெயர். 1878இல் ஒரு வகுப்பில் லிண்டே, நீராவி இஞ்சின் நிலக்கரியின் வெப்பத்தில் 6 முதல் 10 சதவீதத்தை மட்டும்தான் வேலையாக மாற்றுகிறது என்று சொன்னார். மிச்சம் அத்தனையும் வீண். கூடவே கார்னோ சைக்கிளையும் நடத்தினார். நாமும் அதைக் கேட்டிருக்கோம், நோட்டில் எழுதி, 16 மார்க் கேள்விக்குப் படம் போட்டு, மறந்திருக்கோம். டீசல் மறக்கவில்லை. கார்னோ சொன்னதை நிஜத்தில் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்தார். அந்த ஓரக் குறிப்பு அவரை அடுத்த பதினைந்து வருஷம் தூங்க விடவில்லை.

இன்னொரு ஆறுதல் சேதியும் இருக்கு. 1879இல் எல்லாரும் ஃபைனல் பரீட்சை எழுதியபோது டீசலுக்கு டைஃபாய்டு. செட்டோடு சேர்ந்து பட்டம் வாங்க முடியவில்லை. காத்திருந்த நேரத்தில் சுவிட்சர்லாந்தில் சுல்சர் கம்பெனிப் பட்டறையில் வேலை பழகினார். 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தார்.

வந்ததும் லிண்டேயின் ஐஸ் ஃபேக்டரி வேலை, மறுபடியும் பாரிஸ். 1883இல் மார்த்தாவோடு கல்யாணம், மூன்று குழந்தைகள். பகலில் ஐஸ் இயந்திரம், ராத்திரியில் சொந்த ஆராய்ச்சி. நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியில் ஓடும் இஞ்சின் செய்யப் பல வருஷம் முயன்றார், தேறவில்லை. முப்பது வயதைத் தாண்டியும் கையில் இருந்தது ஐஸ் மட்டும்தான். 1890இல் குடும்பத்தோடு பெர்லினுக்குப் போனார்.

அங்கேதான் யோசனை உருண்டு திரண்டது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமில்லையா? காற்றை நெருக்கினால் சூடாகும். இன்னும் இன்னும் நெருக்கினால், அதில் எண்ணெயைப் பீய்ச்சியதும் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். பொறி தேவையில்லை. எங்க இஞ்சினைப் பிரித்த முதல் நாள் அத்தை பையன் பத்து நிமிஷம் ஸ்பார்க் பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் ஈசிஈ, விட்டுடுங்க.

1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பம், 1893 பிப்ரவரியில் காப்புரிமை. அதே வருஷம் ஒரு சின்னப் புத்தகம் போட்டுப் பெரிய கம்பெனிகளுக்கும் பேராசிரியர்களுக்கும் அனுப்பினார். அதில் ஒரு விஷயத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்தக் காலத்தில் நீராவி இஞ்சின் என்றால் பாய்லர், புகைபோக்கி, ஆள் படை. பெரிய முதலாளியால்தான் வாங்க முடியும். சின்னப் பட்டறைக்காரன் அவனோடு போட்டி போட முடியாமல் நொடித்துப் போய், கடைசியில் அவன் ஃபேக்டரியிலேயே கூலிக்குப் போவான். டீசலின் ஆசை, சின்னதாக, சிக்கனமாக, எங்கே வேண்டுமானாலும் வைத்து ஓட்டக்கூடிய ஒரு இஞ்சினைச் சின்னத் தொழிலாளி கையில் கொடுப்பது. தோல் பட்டறைப் பையன், பாருங்க.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் கம்பெனியும் பணம் போட முன்வந்தன. 1893 ஆகஸ்ட் 10. ஆளுயரத்தைத் தாண்டிய முதல் சோதனை இஞ்சின். அதை வெளியிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றி, எரிபொருளை உள்ளே விட்டார்கள். ஒரே வெடி. அழுத்தம் காட்டும் கருவி சிதறிப் பறந்தது, பக்கத்தில் நின்றவர்கள் உயிர் தப்பினது பெரிய விஷயம். டீசலுக்கோ சந்தோஷம், தானாகவே பற்றுகிறது என்று நிரூபணம் ஆகிவிட்டதே! ஆனால் அந்த இஞ்சின் சொந்தமாக ஒரு சுற்றுகூட ஓடவில்லை. மாற்றிக் கட்டி, 1894 பிப்ரவரி 17 அன்று முதல் முறையாகத் தானே ஓடியது. எவ்வளவு நேரம் தெரியுமா? சுமார் ஒரு நிமிஷம். அவ்வளவுக்கே எல்லார் கண்ணிலும் தண்ணி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்க கொட்டகையில் நடந்ததை வைத்துத்தான் சொல்றேன்.

அப்புறமும் மூன்று வருஷம். காகிதத்தில் போட்ட கணக்கு ஒவ்வொன்றாகக் கழன்றது. புத்தகத்தில் சொன்ன 250 அட்மாஸ்பியர் அழுத்தம் நடைமுறைக்கு ஆகாது என்று தெரிந்து முப்பது, நாற்பதுக்கு இறங்கினார். நிலக்கரித் தூளை எரிக்கும் யோசனை நடக்கவில்லை. எரியும்போது வெப்பநிலை ஏறாமல் வைத்துக்கொள்வதுதான் காப்புரிமையின் உயிர்நாடி, அதுவும் போனது. நாம் டீசல் சைக்கிள் என்று கான்ஸ்டன்ட் பிரஷரில் போடும் படம், அவர் முதலில் நினைத்தது இல்லை, இரும்பு அவருக்குச் சொல்லிக் கொடுத்தது.

1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து முறையாகச் சோதித்தார். 20 குதிரைத்திறன் வகை இஞ்சின், 26.2 சதவீத வெப்பத்திறன். நீராவி பத்தைத் தாண்டத் தவித்த காலத்தில் இது எப்படி இருந்திருக்கும்! அந்த 1897 இஞ்சினை இப்போதும் மியூனிக் டாய்ச்சஸ் மியூசியத்தில் பார்க்கலாம்.

பணம் கொட்டியது. அமெரிக்க பீர் முதலாளி அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்து அமெரிக்க உரிமையை வாங்கினார். மியூனிக்கில் மாளிகை கட்டினார். 40 வயதில் கோடீஸ்வரர். ஆனால் முதலில் விற்ற இஞ்சின்களில் பல சரியாக ஓடாமல் சிக்கல் வந்தது. ஆக்ஸ்பர்க்கில் அவர் பெயரில் ஆரம்பித்த தனித் தொழிற்சாலை படுத்தது. காப்புரிமையில் சொன்னது ஒன்று, ஓடுவது வேறு என்று கேஸ் போட்டார்கள். (அந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.) 1898இல் உடம்பும் மனசும் விட்டுப்போய் சானடோரியத்தில் படுத்தார்.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசல் இஞ்சினுக்கு முதல் பரிசு. அங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம். பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் ஒட்டோ கம்பெனி ஒரு சின்ன டீசல் இஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. நம்ம மல்லாட்டை! எதையும் மாற்றாமலே ஓடியதால் பார்த்தவர்களில் பலருக்கு எண்ணெய் மாறியதே தெரியவில்லையாம். நிலக்கரியோ பெட்ரோலியமோ இல்லாத காலனிகளில் அங்கே விளைவதை வைத்தே இஞ்சின் ஓட்டலாமே என்பது பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு, அவர்கள் மனதில் இருந்தது ஆப்பிரிக்கா. ஆனால் அதே காலத்தில் நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்து மல்லாட்டை பாண்டிச்சேரியில் கப்பலேறி, மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சியும் அந்தத் தென்னாற்காட்டில் இருந்த ஊர்தான். டீசலுக்கும் இந்த யோசனை பிடித்துப்போய், பின்னால் அவரே தாவர எண்ணெயில் சோதனைகள் செய்தார்.

ஆனால் சின்னத் தொழிலாளி? அவன் கைக்கு இஞ்சின் போகவே இல்லை. காரணம் பொருளாதாரம் மட்டும் இல்லை, ஒரு இஞ்சினியரிங் சிக்கல். நெருக்கின காற்றுக்குள்ளே எண்ணெயைத் தள்ள, அதைவிட அதிக அழுத்தம் வேண்டும். டீசல் காலத்தில் எண்ணெயை மட்டும் தனியாகப் பீய்ச்சும் நம்பகமான பம்ப் செய்ய முடியவில்லை. அதனால் தனியாக ஒரு கம்ப்ரஸர் வைத்து, அந்தக் காற்றால் எண்ணெயை ஊதி உள்ளே அனுப்பினார். கம்ப்ரஸர், காற்று பாட்டில், குழாய் எல்லாம் சேர்ந்து இஞ்சின் யானை மாதிரி ஆனது. ஃபேக்டரிக்கும் மின் நிலையத்துக்கும் கப்பலுக்கும்தான் சரிப்பட்டது. 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசல் இஞ்சினில் பெருங்கடல் தாண்டியபோது உலகமே பேசியது. தோல் பட்டறையில் யாரும் பேசவில்லை.

1903இல் தொழிலாளர்கள் சேர்ந்து காசு போட்டு, சேர்ந்தே ஆலை நடத்தும் ஒரு திட்டத்தைப் புத்தகமாக எழுதினார். பத்தாயிரம் பிரதி அச்சடித்ததில் சில நூறுதான் விற்றது. தன் வாழ்நாளின் பெரிய சாதனை இந்தப் புத்தகம்தான் என்று அவர் நம்பினார் என்பதுதான் பாவம்.

பணம் போன வழி பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நிலத்தில் போட்டது, தவறான முதலீடு, வழக்குச் செலவு. 1913க்குள் கடனில் மூழ்கியிருந்தார், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அந்த செப்டம்பரில் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து ஒரு வாரம் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்றார். செப்டம்பர் 29 அன்று ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் இங்கிலாந்துக்கு ஏறினார். கூட வந்தவர்களோடு ராத்திரிச் சாப்பாடு, டெக்கில் கொஞ்ச நேரம் நடை, காலையில் ஆறே காலுக்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் பத்து மணி வாக்கில் கேபினுக்குப் போனார். காலையில் படுக்கை கலையவே இல்லை. தொப்பியும் கோட்டும் டெக்கில் கிடந்தன. டைரியில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறி. பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஒரு உடலைக் கண்டு, பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டது. மகன் ஆய்கன் அந்தப் பொருட்களை அப்பாவுடையவை என்று அடையாளம் சொன்னார். வயது 55. உளவாளிகள் தள்ளிவிட்டார்கள், எண்ணெய்க் கம்பெனி கொன்றது என்று யூடியூபில் நிறைய பார்ப்பீங்க. மார்த்தா பையைத் திறந்தபோது உள்ளே இருபதாயிரம் மார்க் நோட்டுகளும், கணக்கு காலி என்று காட்டும் பேங்க் காகிதங்களும் இருந்தன. எனக்கு அது போதும்.

இனி எங்க கொட்டகைக்கு வாங்க.

டீசல் செத்துப் பதினாலு வருஷம் கழித்து, 1927இல், ராபர்ட் பாஷ் கம்பெனி அந்தச் சின்னப் பம்பை மொத்தமாக உற்பத்தி செய்ய ஆரம்பித்தது. கம்ப்ரஸர் ஒழிந்தது, இஞ்சின் சுருங்கியது. இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனி கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணக்கூடிய ஒற்றை சிலிண்டர் டீசல் இஞ்சின் கொண்டுவந்தது. நம்ம ஊரில் கிணற்றுக்கு ஆயில் இஞ்சின் என்ற யோசனை அதற்கும் முந்தியது. சென்னை இஞ்சினியரிங் காலேஜ் பேராசிரியர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1900களின் ஆரம்பத்திலேயே மாகாணக் கிணறுகளில் வேறு வகை இஞ்சின்களை வைத்துத் தண்ணீர் இறைத்துக் காட்டினார். இன்றைக்கு கிண்டியில் இருக்கும் அதே காலேஜ். சுதந்திரத்துக்குப் பிறகு லிஸ்டர் மாதிரியையே ராஜ்கோட் பக்கம் ஆயிரக்கணக்கில் வார்த்தார்கள். 6 குதிரைத்திறன், 650 ஆர்பிஎம். எங்களுடையதும் அந்தச் சாதிதான், பேர்ப்பலகை தேய்ந்துபோச்சு.

அதற்கு முன்னால் தாத்தா கவலை ஓட்டியவர். ரெண்டு மாடு, தோல் சால், விடியலுக்கு முன்னே எழுந்தால் வெயில் ஏறும் வரை. 1970களில் நிலவள வங்கிக் கடனும் ஆயாவின் சங்கிலியும் சேர்ந்துதான் இந்த இஞ்சின் வந்தது. மல்லாட்டை விற்று விற்றுக் கடன் அடைத்தார்கள். கரண்ட் வந்ததும் இஞ்சின் மூலைக்குப் போனது. போன வருஷம் காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் விலை சொன்னார். பெரியப்பாவுக்குச் சம்மதம், ஆயா முடியாது என்றுவிட்டது. அதில்தான் இத்தனையும் ஆரம்பம்.

பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி நாலு நாள் காத்திருந்து, கட்டை வைத்துத் தட்டி எடுத்தோம். சைலன்சருக்குள் குளவிக்கூடு. தண்ணீர் ஜாக்கெட்டில் அரைக்கூடை சுண்ணாம்புப் படிவம். இதெல்லாம் உழைப்பு, செஞ்சிடலாம். உயிரை வாங்கியது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சாமான், அதே எண்ணெய் பம்ப். பிளஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கப் போனார். உதவிக்கு வந்த வயதான மெக்கானிக் பாய்ந்து கையைப் பிடித்தார். பிளஞ்சருக்கும் அதன் பேரலுக்கும் நடுவே ரெண்டு மூணு மைக்ரான்தான் இடைவெளி. நம்ம தலைமுடியே எழுபது மைக்ரான் வரும். ஒரு இழுப்பு இழுத்திருந்தால் பம்ப் குப்பை. ரெண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பொருத்திய ஜோடி என்பதால் வேறொன்றின் பிளஞ்சரையும் போட முடியாது. ரெண்டு நாள் டீசலில் ஊறவைத்து, விரலால் மட்டும் அசைத்து அசைத்து எடுத்தார். டீசல் கையில் இல்லாத அந்த ஒரு பாகம் எங்க சித்தப்பா கையில் இருந்தது, நல்லவேளை தப்பித்தது. நாசிலை கள்ளக்குறிச்சியில் டெஸ்ட் பண்ணி வாங்கி வந்தோம்.

ஸ்டார்ட் பண்ணும் நாள் மலையடிவாரத்துச் சொந்தக்காரர்கள் வரை வந்துவிட்டார்கள். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, அப்பாவும் பெரியப்பாவும் மாறி மாறி ஹேண்டில் சுற்ற, பிளைவீல் வேகம் எடுத்ததும் லீவரை விட்டோம். ஒரு இருமல், நின்றுபோச்சு. மறுபடி, நின்றுபோச்சு. எண்ணெய்க் குழாயில் காற்று. அதை வெளியேற்றிவிட்டு ஆறாவது முறை டுப் என்று ஒரு அடி, கறுப்புப் புகை, அப்புறம் டுப் டுப் டுப் என்று நிதானமாகப் பிடித்துக்கொண்டது. தரை அதிர்ந்தது. ஆயா சத்தமே போடாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் மல்லாட்டை எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன், லிட்டர் விலையைச் சொல்லி ஆயாவே அடக்கிவிட்டது.

தாத்தா பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் எழுந்து வந்து, டீசல் இன்னைக்கு என்ன விலை என்று அப்பாவிடம் கேட்டார். சொன்னதும், குனிந்து தானே இஞ்சினை நிறுத்தினார். பிளைவீல் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.